பழைய கன்வர்டிபிளில் மலைநாட்டுக்கு: முதன்முறை வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஹூட்டை, அதாவது துணிக் கூரையை, மடித்து வைத்துவிட்டு நுவரெலியாப் பக்கம் இரண்டு நாள் சுற்ற வேண்டும் என்ற ஆசை லண்டனிலும் மெல்பனிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் ஒரு எம்ஜியைப் படுதா போட்டு மூடி வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. பல நாட்டவரும் சேர்ந்து ஓடும் இப்படியான வாரஇறுதிக்கு முதன்முறை வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்ம கார் மலை ஏறுமா?" ஏறும். இந்தக் கார்கள் புதிதாக வந்த காலத்திலேயே தோட்டத் துரைமார் இவற்றைத் தேயிலை மலைகளுக்கு நடுவில்தான் ஓட்டினார்கள். கேட்க வேண்டிய கேள்வி, ஒழுங்காக இறங்குமா என்பது. அதனால் இங்கே பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது ரேஸ் அல்ல. ரேஸ் வேண்டுமென்றால் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது, 1934இல் தொடங்கியது. அங்கே வீதியை மூடி, ஒவ்வொரு காராக விடுவார்கள். சுற்றுலா ஓட்டத்தில் வீதி யாருக்காகவும் மூடப்படாது. கொழுந்து லொறி, மரக்கறி லொறி, இ.போ.ச. பஸ், ஓட்டோ, ரோட்டில் படுத்திருக்கும் நாய் எல்லாம் அப்படியே இருக்கும். நேரம் குறித்து யாரும் பரிசு தரப்போவதில்லை. அப்படித் தருவதாக ஓர் ஏற்பாட்டாளர் சொன்னால் அந்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

எந்தக் கார்?

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி, 1961 முதல் 1979 வரை வந்த எம்ஜி மிட்ஜெட், 1958இல் அறிமுகமான ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், 1962 முதல் 1980 வரை வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இந்த நான்கில் ஒன்றைத்தான் அதிகம் காண்பீர்கள். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5ஐ "அது கிளாசிக்கா?" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. முப்பது வருடத்தைத் தாண்டிய காரை வேறென்ன சொல்வது? கூட்டிக்கொண்டு வாருங்கள்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு ஸ்ப்ரைட் அல்லது ஆரம்பகால மிட்ஜெட். காரணம் அழகு அல்ல, எஞ்சின். அவற்றில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். மொரிஸ் மைனர் 1000இல் இருப்பதும் அதே குடும்பம். மொரிஸ் மைனரைத் தெரியாத பழைய பாஸ் (மெக்கானிக்) ஒருவர் மலைநாட்டு டவுன் எதிலும் இருக்க மாட்டார். பொயின்ட், கொன்டென்சர், வோட்டர் பம்ப் என்று எது போனாலும் "அட, இது மைனர்தானே" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விடுவார். ஒரு விஷயம் மட்டும்: 1974க்குப் பிந்திய மிட்ஜெட்டில் ட்ரையம்பின் 1500 எஞ்சின் இருப்பதால் இந்தச் சலுகை அதற்குக் கிடையாது. சரி, ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, வீட்டில் இருப்பது ஹூட் மடிக்கும் மொரிஸ் மைனர்தான் என்றால் அதுவும் பரவாயில்லை, தாராளமாக வரலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

சொந்தக் காரைக் கப்பலில் கொண்டுவருவது முடியாத காரியமல்ல. 'கார்னே' எனப்படும் சுங்க உத்தரவாதப் பத்திரம் எடுத்தால் தற்காலிகமாக இறக்கி, ஓட்டிவிட்டுத் திரும்ப ஏற்றிவிடலாம். ஆனால் இரண்டு நாள் ஓட்டத்துக்காக அந்தச் செலவும் துறைமுக அலைச்சலும் வேண்டாம் என்பேன். ஒரு மாதமாவது தீவைச் சுற்றப்போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். மற்றவர்கள் உள்ளூர் உரிமையாளர் ஒருவரோடு சேர்ந்து, அவர் காரில் பக்கத்து இருக்கைக்காரராக வருவதே நல்லது. இலங்கையில் பழைய கார்களுக்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கேட்டால் இடம் கிடைக்கும்.

நீங்களே ஓட்டுவதென்றால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது இங்கே செல்லுபடியாக உள்ளூர் அங்கீகாரமும் வேண்டும். 1904இல் தொடங்கிய இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் கொழும்பில் நீண்ட காலம் இதைச் செய்து தந்தது; இப்போது யார் தருகிறார்கள் என்பதை வருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். காருக்குரிய காப்புறுதிச் சான்று, வருமான அனுமதிப்பத்திரம் இரண்டும் காரிலேயே இருக்க வேண்டும். நீங்கள் ஓட்டும்போதும் அந்தக் காப்புறுதி செல்லுமா என்பதை உரிமையாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

எப்போது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். காலையில் வெயில், இரவில் குளிர், தை மாதத்தில் சில விடியல்களில் புல்லில் உறைபனி. சித்திரையில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை வரும். அதோடு வசந்த காலக் கூட்டமும் சேர்ந்து நுவரெலியாவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும்போது ஊவாப் பக்கம், அதாவது வெலிமடை, பண்டாரவளை, பெரும்பாலும் காய்ந்திருக்கும். வடகீழ் மழைக்காலத்தில் இது தலைகீழ்.

இன்னும் மூன்று விஷயங்களை நாட்காட்டியில் பாருங்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வாரஇறுதியில் ஹட்டன் – மஸ்கெலியா வீதி நிரம்பி வழியும். ஆடி, ஆவணியில் எசல பெரஹராவுக்காகக் கண்டி வீதிகளை மூடுவார்கள். போயா நாளில் ஊர் முழுக்க மதுபானம் விற்க மாட்டார்கள், வெளிநாட்டு நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் இரவிலேயே பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாவட்டவாரியாகச் சொல்வார்கள். செம்மஞ்சளுக்கே நான் பாதையை மாற்றிவிடுவேன். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டில் இதற்கு யாரிடமும் காரணம் விளக்க வேண்டியதில்லை.

காரைத் தயாராக்குதல்

ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

முதல் வேலை, பிரேக் ஒயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டொட் 4 ஒயில் 230 பாகையாவது போனால்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 155 பாகைக்கே கொதித்துவிடக்கூடும். நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும், மிதிக்கும்போது பெடல் தரைக்குப் போகும். கராஜில் இரண்டு வருடம் நின்ற கார் என்றால் "ஒயில் நிறையத்தானே இருக்கு" என்று விட்டுவிடாமல் முழுவதையும் மாற்றுங்கள். எம்ஜிபிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்னால் டிஸ்க் பிரேக். மொரிஸ் மைனருக்கும் 1962 கடைசிக்கு முந்திய ஸ்ப்ரைட்டுக்கும் நான்கும் டிரம். டிரம்முக்குச் சூடு ஏறினால் தணிய நேரமாகும். அப்படிப்பட்ட காரோடு வருகிறவர்கள் மற்றவர்களை விட இரண்டு மடங்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

அடுத்தது ரேடியேட்டர். ஏற்றத்தில் கார் மெதுவாகப் போகும், காற்று குறைவு, எஞ்சினுக்கு வேலை அதிகம். உள்ளே துரு அடைத்திருந்தால் அது தெரியவருவது இங்கேதான். ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலும் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வழியில் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உங்கள் கால் வேகும், எஞ்சின் தப்பும். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.

கார்புரேட்டர் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் அதிகம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும், பெற்றோல் கலவை கொஞ்சம் செறிவாகும், ஐட்லிங் தடுமாறும். ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். கரும்புகை தள்ளி ப்ளக் கறுத்தால் மட்டும் எஸ்.யூ. கார்புரேட்டரின் அடி நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே ஏற்றுங்கள். இரட்டைக் கார்புரேட்டர் என்றால் இரண்டையும் ஒரே அளவு. எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோலில் 95 ஒக்டேன் போடுங்கள். 92இல் ஏற்றத்தில் எஞ்சின் 'டிக் டிக்' என்று தட்டும்.

1967க்கு முந்திய எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலும் அது பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் பொடியோடு இணைந்திருக்கும். பற்றரி இறங்கியதும் நல்ல மனதோடு ஒரு ஓட்டோக்கார அண்ணன் கேபிளோடு ஓடி வருவார். அவர் வழக்கம்போல நெகட்டிவை பொடியில் கொழுவுவதற்கு முன் தடுத்துச் சொல்லுங்கள். பொனட்டுக்குள் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது.

ஸ்பேனர்: இந்தக் கார்களுக்கு அங்குல அளவு. வழியில் உள்ள கராஜ்களில் இருப்பது மில்லிமீற்றர். அரை அங்குல நட்டுக்கு 13 போட்டால் பொருந்தின மாதிரி இருக்கும், இரண்டு தடவையில் நட்டின் விளிம்பு உருண்டுவிடும். உங்கள் செட்டை நீங்களே கொண்டுவாருங்கள். அதோடு ஃபேன் பெல்ட், பொயின்ட், கொன்டென்சர், ரோட்டர், ஃபியூஸ், கிளட்ச் சிலிண்டர் ரப்பர், இரண்டு லீற்றர் தண்ணீர். அப்புறம், ஒரு கட்டை. லொறிக் கிளீனர்மார் சில்லுக்கு அண்டை கொடுக்க வைத்திருப்பார்களே, அதே முக்கோணக் கட்டை, நுனியில் கயிறு கட்டியது. எதற்கென்று கீழே வருகிறேன்.

சனிக்கிழமை: ஏற்றம்

புதியவர்களுக்கு நல்ல பாதை ஏ5 வீதி: கண்டி, பேராதனை, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. 80 கிலோமீற்றருக்குள்தான். அரை நாள் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மழைக்கு முன் மேலே போய்விடலாம்.

பத்து, பதினைந்து கார் வரிசையாகப் போவது படத்துக்கு அழகு, பின்னால் வரும் பஸ்ஸுக்கு நரகம். நான்கு கார் ஒரு கூட்டமாகப் பிரியுங்கள். கூட்டத்துக்குள்ளும் ஒரு பஸ் நுழைந்து போகிற அளவு இடைவெளி வேண்டும். சந்தி வரும்போது பின்னால் வரும் கார் கண்ணில் படும்வரை நின்று, பிறகு திரும்புங்கள். எல்லோரும் இந்த ஒரு விதியைப் பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள், போனில் சிக்னல் இல்லாவிட்டாலும்.

பிரித்தானியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: அங்கே எதிரே வருபவர் லைட்டை வெட்டினால் "நீங்க போங்க" என்று பொருள் கொள்வீர்கள். இங்கே "நான் வாறேன், நில்லு" என்று பொருள். இது தெரியாமல் மலை வளைவில் மரியாதைக்கு முன்னே நகர்ந்தால் பஸ்ஸின் முகத்தில்தான் போய் நிற்பீர்கள். ஒடுக்கமான இடத்தில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவதே வழக்கம். வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பது இங்கே கோபமில்லை, அறிவிப்பு. ஹூட் இறக்கியிருந்தால் மேல் வளைவில் வரும் பஸ்ஸின் சத்தம் முன்னாலேயே கேட்டுவிடும், அதனால் பாட்டை நிறுத்தி வையுங்கள்.

ரம்பொடையில் 2008இல் திறந்த சுரங்கப்பாதை வரும், சுமார் 225 மீற்றர். உள்ளே லைட்டைப் போடுங்கள். அதைத் தாண்டினால் கொண்டை ஊசி முடக்குகள் தொடங்கும். பழைய கியர்பொக்ஸின் குணம் தெரிவது இங்கேதான். ஏ-சீரிஸ் எஞ்சின் மிட்ஜெட், ஸ்ப்ரைட், ஆரம்பகால எம்ஜிபி எதிலும் முதலாம் கியருக்கு சின்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போட்டால் 'கர்ர்' என்று கத்தும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள், கிளட்சை விட்டு அக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி கிளட்சை மிதித்து ஒன்றில் போடுங்கள். வெண்ணெய் மாதிரிப் போகும். இதை முடக்கில் பழகாதீர்கள், முந்திய வாரமே வீட்டுப் பக்கத்து மேட்டில் பழகிவிட்டு வாருங்கள்.

இந்த முடக்குகளில் பூ விற்கும் பையன்களைச் சந்திப்பீர்கள். ஒரு வளைவில் பூங்கொத்தை நீட்டுவான். வேண்டாமென்று போனால் குறுக்கு வழியாக மலையில் பாய்ந்து ஓடி அடுத்த வளைவில் உங்களுக்கு முன்னே நிற்பான். திறந்த காரைக் கண்டால் இருக்கையிலேயே போட்டுவிடுவதும் உண்டு. வாங்க நினைத்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, நின்று வாங்குங்கள். ஓடிக்கொண்டே காசை நீட்டினால் அந்தப் பிள்ளை காரோடு சேர்ந்து ஓடும், பின்னால் பஸ் வரும்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நம்மவர் தமிழிலேயே கேட்கலாமே: "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" வேண்டாமென்றால் சரி என்று போய்விடுங்கள். நிறை போடும் நேரத்தில் கேட்காதீர்கள், அவர்களுக்கு அது கணக்குப் பார்க்கும் நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போகும் தோட்ட ரோட்டில் காரை விடாதீர்கள். அது அவர்கள் வாசல், அதோடு உங்கள் காரின் சம்பும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டி) தாழ்வு.

மூடுபனி வந்தால் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் உங்கள் கண்ணிலேயே அடிக்கும். ஹசார்ட் லைட்டை ஓடிக்கொண்டே போடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. இரவுக்குக் கம்பளி, மப்ளர், பகலுக்குத் தொப்பி. குளிர் காற்றில் வெயில் உறைக்காது, மாலையில் முகம் சிவந்த பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை: இறக்கம்

நுவரெலியாவிலிருந்து அதே ஏ5இல் சீதையம்மன் கோயிலையும் ஹக்கல பூங்காவையும் தாண்டி வெலிமடைக்கு. பிறகு பண்டாரவளை, அப்புத்தளை. ஏறக்குறைய 60 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நுவரெலியா – வெலிமடைப் பகுதி பிரேக் போன விபத்துகளுக்குப் பெயர்போனது.

கோயிலடியில் யாத்திரை பஸ்கள் நிற்கும், மெதுவாகத் தாண்டுங்கள். ஹக்கலவுக்குப் பிறகு, இறக்கம் தொடங்கும் முன்னரே இரண்டாம் கியருக்கு மாறிவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லொறிக்காரர் சொல்வது இந்தக் கார்களுக்கும் பொருந்தும். எம்ஜிபியில் ஓவர்டிரைவ் (மேல் கியர்களில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் சாதனம்) இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கியர்களில் எஞ்சினின் பிடிப்பு குறையும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி மிதியுங்கள், வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள், அடுத்த வளைவுக்கு முன் மறுபடி. விடும் அந்தச் சில நொடிகளில்தான் டிரம்முக்குக் காற்றுப் படும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் இடம் கிடைக்கும்போது ஓரங்கட்டி விட்டுவிடுங்கள். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், நமக்கு ஊர் பார்க்க வேண்டும்.

பாதி வழியில் ஒரு பிளேன்டீக்கு நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள்; சூடேறிய டிரம்மில் லைனிங் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, முன் சில்லுக்கு அந்தக் கட்டையை வையுங்கள். கல் வைத்தால் கிளம்பும்போது மறந்து ரோட்டிலேயே விட்டுப் போவீர்கள், இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவன் அதில் ஏறுவான். கட்டைக்குக் கயிறு கட்டச் சொன்னது அதனால்தான்; நுனியைக் கதவுப் பிடியில் கொழுவி வையுங்கள், திறக்கும்போது கையில் தட்டுப்படும்.

அடுத்து, புறங்கையை ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் கையில் அடிக்கும். முன் இரண்டும் ஒரே அளவு, பின் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டு, கருகிய லைனிங் வாசனையும் வந்தால் அந்தச் சில்லில் பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், இன்னொரு தேத்தண்ணி குடியுங்கள். ஆறிய பிறகும் அப்படியே இருந்தால் அந்தக் கார் லொறியில்தான் இறங்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் ஞாயிறென்றால் தோட்டத்துச் சனம் முழுக்க டவுனுக்கு வந்திருக்கும். நடந்துபோகிறவர்களின் வேகத்தில் போங்கள். அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்குப் போக ஆசைப்பட்டால் காரை டவுனில் விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். தம்பேதன்ன ரோட்டு தாழ்வான கார்களுக்கு ஒத்துவராது.

கார் நின்றுவிட்டால்

வளைவில் நிற்காமல் உருட்டியாவது நேர் ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் ஐம்பது மீற்றரில் ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. சின்னப் பழுதென்றால் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். "அண்ணே, பழைய கார் பார்க்கிற பாஸ் யாராவது இருக்காரா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் யாராவது போனை எடுப்பார்கள். ஞாயிறு என்றாலும் வருவார்கள். வேலைக்கு என்ன காசு என்று முதலிலேயே கேட்டு, கேட்டதற்கு மேல் கொஞ்சம் கொடுங்கள்.

வீடு திரும்புதல்

கொழும்புக்காரர்கள் அப்புத்தளையிலிருந்து பெரகலை, ஹல்துமுல்லை, பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்கு இறங்குவார்கள். 1,300 மீற்றருக்கு மேல் இறக்கம். ஞாயிறு பின்னேரம் களைத்துப்போய், மழையோடு இதில் இறங்காதீர்கள். இரவு அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்கி, திங்கள் காலை வெளிச்சத்தில் கிளம்புங்கள். மேலே கார்புரேட்டர் நட்டைத் திருப்பியிருந்தால் பலாங்கொடையில் நிறுத்தி, எழுதி வைத்த அளவுக்கு மறுபடி கீழே இறக்கிவிடுங்கள். கலவை மெலிந்தபடியே கரையோர வெயிலில் ஓடினால் எஞ்சின் சூடாகி வால்வு எரியும்.